அண்ணன் சொன்ன சட்டம்

எங்கள் பக்கத்தில் அட்டை என்றால் மழைக்காலத்தில் காலில் ஏறி இரத்தம் குடிப்பது. அதனால், "டின் நெறைய அட்டை கொண்டு வாறேன், அண்ணனும் நீயும் வெளையாடுங்க" என்று அம்மா கொழும்பிலிருந்து போனில் சொன்னபோது, எட்டு வயதான நான் போனை அண்ணனிடம் நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அம்மா கொழும்பில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்தார். எல்கடுவையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், அப்பாவும் அண்ணனும் நானும் இருந்தோம். அப்பாவுக்குத் தேயிலை பெக்டரியில் வேலை. அம்மா இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார்; வரும்போதெல்லாம் அந்த வீட்டுக்காரர்களுக்கு வேண்டாமற்போன ஏதாவது ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்து சேரும். ஒருமுறை மூன்று சக்கரம் மட்டும் உள்ள பெட்டி வந்தது. ஒருமுறை யாருடைய கண்ணுக்கும் பொருந்தாத மூக்குக்கண்ணாடி வந்தது. இந்தமுறை வந்தது சதுரமான பிஸ்கட் டின்.

அந்த வீட்டு மகன் படிப்புக்காக அவுஸ்திரேலியா போய்விட்டானாம். அவன் அறையை ஒதுக்கும்போது வீட்டுக்கார அம்மா இந்த டின்னைக் குப்பையில் போடப் போய், பிறகு, "ஒங்க பிள்ளைகளுக்குக் குடுங்க. வாசிச்சு வாசிச்சுத்தான் இத விளையாடணும். இங்கிலீஷ் தானா வரும்" என்றாராம். இந்தத் 'தானா வரும்' அம்மாவின் மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. கொழும்பிலிருந்து மாத்தளை வரை ஒரு பஸ், மாத்தளையிலிருந்து எல்கடுவைக்கு இன்னொரு பஸ். மூட்டைகளையெல்லாம் கீழே போட்டுவிட்டு டின்னை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

அம்மா அட்டை என்று சொன்னது இதைத்தான்: உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட கார்டுகள் இருந்தன. உள்ளங்கை அளவு. ஒவ்வொன்றிலும் மேலே ஒரு படம், மூலையில் ஓர் எண், படத்துக்குக் கீழே எறும்பு ஊர்ந்தாற்போல் நாலைந்து வரி இங்கிலீஷ். அம்மா டின்னை அண்ணனிடம் கொடுத்து, "நீ வாசிச்சு தங்கச்சிக்கும் சொல்லிக் குடுய்யா" என்றார். அண்ணனுக்கு அப்போது பதின்மூன்று வயது. அவன் ஒரு கார்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தான். அதில் கறுப்பு அங்கி போட்டு, கையில் சாட்டையோடு ஓர் ஆள் நின்றான்.

"இது கங்காணி" என்றான் அண்ணன். "இவரு வந்தா, எதிர்ல உள்ளவங்க கையில இருக்கிற ரெண்டு கார்ட இவருகிட்ட வேலைக்கு அனுப்பணும்."

அம்மாவுக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அடுத்த நாளே கொழும்புக்குத் திரும்பியவர், பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்களிடம்கூட எம் மகன் இங்கிலீஷ் வாசிக்கிறான் என்று சொல்லியிருப்பார் என்று அப்பா கேலி செய்தார்.

அண்ணன் ஒரு வாரத்துக்குள் எல்லாக் கார்டையும் வாசித்து முடித்துவிட்டான். மேகமும் மின்னலும் உள்ள கார்டுக்குப் பெயர் மழை நாள். அது விழுந்தால் இரண்டு பேருக்கும் அரைப்பேர். அதாவது தோட்டத்தில் மழைக்கு வேலை நின்றால் அரை நாள் சம்பளம் போடுவதைப் போல, அந்தச் சுற்றில் கிடைக்கிற புள்ளியில் பாதிதான் கணக்கு, யாரும் யாரையும் அடிக்கக் கூடாது. நெருப்புக் கக்கும் பறவை நாகம்தான் பெரிய தொரை, தோட்டத்து மனேஜர். அவரை எதனாலும் அடிக்க முடியாது. ஆனால் மூன்று சுற்றுக்கு ஒருமுறை அவர் லீவில் போவார், அப்போது மற்றவர்கள் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். பச்சை உடுப்பில், கையில் கிண்ணத்தோடு நிற்கிற பெண் மருத்துவச்சி. செத்துப்போன கார்டு ஒன்றை அவள் எழுப்பிவிடுவாள். குகை வாசலில் நிற்கிற கரடிக்குக்கூட ஒரு வேலை இருந்தது. அது ஸ்டோர் வாச்சர்.

இரண்டு வருடம் விளையாடினோம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அண்ணன் அடுப்பு மூட்டி ரொட்டிக்கு மாவு பிசைவதற்கு முன்னால் ஒரு ஆட்டம். அப்பா வருவதற்குள் இன்னொன்று. கீழ் லயத்துப் பிள்ளைகள் வந்து சுற்றி நின்று பார்ப்பார்கள். தொரை லீவில் போகிற சுற்றில் அவர்கள் போடுகிற சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு அத்தை சுவரில் தட்டுவார். நான் ஜெயித்ததும் உண்டு, அண்ணன் ஜெயித்ததும் உண்டு. எந்தக் கார்டுக்கு என்ன சட்டம் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன்.

எனக்குப் பத்து வயதானபோது, தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, லீவில் வந்திருந்த அம்மா எங்கள் இருவரையும் துணி எடுக்க மாத்தளைக்குக் கூட்டிப்போனார். அம்மன் கோயிலில் கும்பிட்டோம். அண்ணனுக்குக் கால்சட்டையும் எனக்குப் பாவாடை சட்டையும் எடுத்தோம். அப்பாவுக்கு ஒரு சாரம். பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் கடைத்தெருவில் மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தோம். ஏலக்காய், கராம்பு விற்கிற ஒரு கடையின் மேல்மாடியை நிமிர்ந்து பார்த்த நான் தெருவில் நின்று கத்தினேன்:

"அண்ணே, நம்ம தொரை!"

பக்கத்தில் போன இரண்டு தோட்டத்து ஆட்கள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் மடித்துக் கட்டியிருந்த வேட்டியைக்கூட இறக்கிவிட்டார். நான் காட்டியது மேல்மாடி ஜன்னலை. கண்ணாடி முழுக்க நெருப்புக் கக்கிக்கொண்டு எங்கள் பெரிய தொரை நின்றார்.

அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தான். "அது வேற. வா, பஸ் போயிரும்."

"அதேதான். மூலையில ஒம்பதும் இருக்கு பாரு."

"வேறன்னு சொல்றேன்ல."

பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. அம்மா ஜன்னலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். தான் மடியில் சுமந்து வந்த பொருளுக்கு மாத்தளை டவுனில் ஒரு கடையே இருக்கிறது என்பது அவருக்குப் பெரிய மரியாதையாகப் பட்டிருக்க வேண்டும். "சும்மா பாத்துட்டுத்தானே வரப் போறோம்" என்று சொல்லி, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு படியேறினார். நான் பின்னால் ஓடினேன். அண்ணன் கடைசியாக வந்தான். அவனுக்கு யாரிடமாவது தோற்றுவிடுவோமோ என்று பயம் என நான் நினைத்தேன்.

அப்படியொரு கடையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சுவர் முழுக்கப் பெட்டிகள். கெரம் போர்ட், செஸ் எல்லாம் ஒரு மூலையில் ஏழை உறவினர் மாதிரி ஒதுங்கி நின்றன. மற்றதெல்லாம் பெயர் தெரியாத விளையாட்டுகள். கண்ணாடி அலுமாரிக்குள் விரல்நுனி அளவு பட்டாளத்துக்காரர்கள், ஒவ்வொருவருக்கும் கண்ணும் மீசையும் தீட்டியிருந்தது. நடுவில் பச்சைத் துணி விரித்த நான்கு மேசைகள். இரண்டில் பெரிய பையன்கள் சிங்களத்தில் பேசிக்கொண்டே கார்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். கீழ்க்கடை ஏலக்காய் மணம் பலகை இடுக்கு வழியாக மேலே வந்தது.

கடைக்கார முதலாளி தொப்பி போட்ட, தாடி நரைத்த முஸ்லிம் ஆள். பல வருடம் கட்டார் நாட்டில் வேலைக்கு இருந்தவராம். அங்கே தங்குமிடத்தில் கூட இருந்தவர்கள் சொல்லிக்கொடுத்த விளையாட்டுகளாம் இவை. "வாங்கத்தான் வேணும்னு இல்ல, புள்ளைகள் ஒக்காந்து வெளையாடிப் பாக்கட்டும்" என்றார். அம்மா உடனே, "எங்க வீட்டுலயும் இருக்குங்க மொதலாளி. டின் நெறைய. எம் மகன் எல்லாத்தையும் இங்கிலீஷ்ல வாசிச்சு இந்தப் புள்ளைக்கும் சொல்லிக் குடுத்திருக்கான்" என்றார்.

முதலாளி அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். அண்ணன் பட்டாளத்துக்காரர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விளையாடிப் பார்க்கவென்று வைத்திருந்த ஒரு கார்டுக் கட்டை முதலாளியின் மகள் எடுத்து வந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது கூடியவள். முக்காடு, கண்ணாடி, நிதானமான பேச்சு. எதிரெதிரே உட்கார்ந்தோம். எனக்கு வந்த ஐந்து கார்டையும் விரித்துப் பார்த்தபோது, வெளியூரில் சொந்தக்காரர்களைக் கண்ட மாதிரி இருந்தது. கங்காணி, வாச்சர், மழை நாள், மருத்துவச்சி எல்லாரும் வந்திருந்தார்கள்.

முதல் இரண்டு சுற்றில் பிரச்சினை வரவில்லை. பெரிய எண் சின்ன எண்ணை அடிக்கும், அவ்வளவுதான். மூன்றாவது சுற்றில் நான் மழை நாளைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன்.

"போடுங்க. ஒங்கட வாட்டிதான்" என்றாள் அவள்.

"மழை நாள்ல அடிக்க முடியாது. ரெண்டு பேருக்கும் அரைப்பேர்."

அவள் கார்டைத் தன் பக்கம் திருப்பி வாசித்தாள். "அப்பிடி இல்லயே. இதுல எழுதீக்கிறது வேற. இந்தக் காட் போட்டா எதிராளிட எல்லாக் காட்டுக்கும் மூணு அடி விழும். ஒங்களுக்கு நல்லம். என்ட ரெண்டு காட் செத்துப் போச்சு." சொன்னபடியே தன் இரண்டு கார்டுகளை எடுத்து ஓரத்தில் வைத்தாள்.

எனக்கு லாபம் வருகிறபடி யாராவது பொய் சொல்வார்களா என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. "நீங்க பொய் சொல்றீங்க" என்றேன். அவள் கோபப்படவில்லை. சரி, போட்டுப் பார்ப்போம் என்கிற மாதிரி தலையசைத்தாள். அடுத்த சுற்றில் என் வாச்சர் செத்துப்போனார். நான் உடனே மருத்துவச்சியை இறக்கி, வாச்சரை எழுப்பக் கை நீட்டினேன்.

"இவ நஞ்சு குடுக்கிறவ" என்றாள் அந்தப் பெண் வருத்தத்தோடு. "இவள எறக்கினா ஒங்கட கையில ஈக்கிற காட் ஒண்ட நீங்களே வீசணும்."

மருத்துவச்சியை நஞ்சு கொடுப்பவள் என்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எழும்பி நின்று சத்தம் போட்டேன். எங்கண்ணன் வாசித்தவன், உனக்குத்தான் வாசிக்கத் தெரியாது என்றேன். பக்கத்து மேசைப் பையன்கள் விளையாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். முதலாளியும் அம்மாவும் வந்தார்கள். அந்தப் பெண் நடந்ததை அப்படியே சொன்னாள். அரைப்பேர், தொரையின் லீவு உட்பட நானும் எல்லாவற்றையும் சொன்னேன். பையன்களில் ஒருவனுக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். தொரையின் லீவுக்கு அவன் சிரித்துவிட்டான்.

முதலாளி மருத்துவச்சியை எடுத்து அண்ணனிடம் நீட்டினார். "தம்பி, நீங்களே ஒருக்கா வாசிங்களே. தீந்துரும்."

அண்ணன் வாங்கிக்கொண்டான். கார்டைப் பார்த்தான். அவன் காது மடல் சிவந்துகொண்டே வந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"வாசிய்யா" என்றார் அம்மா. "நானும் கேக்கிறேன்." அவர் குரலில் சந்தேகம் எதுவும் இல்லை. மகன் இங்கிலீஷ் வாசிப்பதை நேரில் கேட்க ஒரு சந்தர்ப்பம் வந்திருக்கிறதே என்ற ஆசைதான் இருந்தது.

அண்ணன் கார்டை மேசையில் வைத்தான். "அந்தப் புள்ள சொல்றதுதான் சரி" என்றான். "எனக்குத் தெரியும். நான்தான் மாத்திச் சொன்னேன்."

"ஏன்டா?" என்றார் அம்மா.

"சும்மா. இவள ஏமாத்துறதுக்கு."

அம்மா அவன் முதுகில் அடித்தார். ஒரு கையில் துணிப்பை இருந்ததால் அடி சரியாக விழவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் அடித்தார். "சின்னப் புள்ளைய ஏமாத்தத்தான் நான் அந்த டின்ன அவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தேனா? படிச்ச படிப்பு இதுக்கா? மன்னிப்புக் கேளு."

"தங்கச்சி, அடிக்க வாணாம்" என்று அம்மாவிடம் சொல்லி முதலாளி நடுவில் வந்தார்.

அண்ணன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான். எல்லார் முன்னாலும் கேட்டான். நான் மன்னிக்கவில்லை. இரண்டு வருடம் ஒருவன் என்னை உட்காரவைத்து ஏமாற்றியிருக்கிறான், கீழ் லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. "அந்த டின் இனி எனக்குத்தான்" என்றேன். "எடுத்துக்க" என்றான் உடனே. சண்டை போட்டு வாங்க வேண்டியது இவ்வளவு லேசாகக் கிடைத்தது எனக்குப் பெரிய வெற்றியாகத் தெரிந்தது.

முதலாளி மட்டும் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கார்டைத் தன் கண்ணுக்கருகே கொண்டுபோய், "எழுத்தும் பொடி எழுத்துதான். எனக்கே வாசிக்கேலாது, எல்லாம் மகள்தான்" என்றார் யாரையும் பார்க்காமல். அப்புறம் அண்ணன் தோளில் தட்டி, "அந்த மழை நாள் சட்டம் நல்லாருக்கு தம்பி. இதச் செஞ்சவனுக்கும் அப்பிடி யோசன வரல்ல" என்றார். பொய்க்காரனைப் போய்ப் பாராட்டுகிறாரே என்று அவர்மேலும் எனக்குக் கோபம் வந்தது. அண்ணன் படியிறங்கிப் போய்த் தெருவில் நின்றான்.

நாங்கள் புறப்படும்போது அந்தப் பெண் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். கார்டுகளில் அடிக்கடி வருகிற சொற்களை வரிசையாக எழுதி, பக்கத்தில் தமிழில் உச்சரிப்பும் அர்த்தமும் போட்டிருந்தாள். டிரோ, எடு. டிஸ்கார்ட், வீசு. ஷபிள், கலக்கு. டிஸ்ட்ரோய், அழி. இப்படி இருபது இருக்கும். "இது தெரிஞ்சா போதும், மிச்சம் கூட்டி வாசிக்கேலும்" என்றாள். நான் போட்ட சத்தத்துக்கு அவள் என்னை எதுவும் சொல்லவில்லை.

எல்கடுவை பஸ்ஸில் அம்மாவும் நானும் உட்கார்ந்து வந்தோம். அண்ணன் முன் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசி வளைவு வரைக்கும் நின்றே வந்தான். பின்னால் இடம் இருந்தது. அம்மா கூப்பிடவில்லை. தீபாவளிக்குப் புதுக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு அம்மா காலில் விழுந்தபோதுதான் அவர் அவனோடு பேசினார்.

நான் வளர்ந்து, மாத்தளையிலேயே ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அண்ணனை இந்த விஷயத்தில் விட்டதில்லை. அவன் இப்போது யட்டவத்தையில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். சென்ற வருடம் ஒருநாள் கடைக்குப் போயிருந்தபோது, "அண்ணி, இவன் சின்னதுல பெரிய ஏமாத்துக்காரன், தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். அண்ணி சிரித்தார். அண்ணன் ஒரு போனின் முதுகைப் பெயர்த்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே, "எனக்கு அப்ப வாசிக்கத் தெரியாதுடி" என்றான்.

அவன் வகுப்பில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த சேர் மாற்றலாகிப் போய் மூன்று வருடம் யாரும் வரவில்லையாம். புது மிஸ் வந்தபோது அவருக்குச் சின்ன வகுப்புகளைத்தான் கொடுத்தார்கள். அதில் ஒரு வகுப்பில் நான் இருந்தேன். அண்ணனுக்கு எழுத்துத் தெரியும், சேர்த்து வாசிக்க வராது. அம்மா அன்று டின்னைக் கையில் கொடுத்து முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லையாம். படத்தைப் பார்த்து ஒன்று சொன்னானாம். அதற்குப் பிறகு நூறையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

"கடையில சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"அம்மா பக்கத்துல நின்னாங்களே" என்றான். சின்ன ஸ்க்ரூ ஒன்றை மூடியில் வைத்துவிட்டு, "இப்பவும் அவங்ககிட்ட சொல்லிறாத" என்றான்.

நான் வீட்டுக்கு வந்து யோசித்துக்கொண்டிருந்தது அந்தக் கடையைப் பற்றியல்ல, அதற்குப் பிந்திய நாட்களைப் பற்றி. தீபாவளி முடிந்து அம்மா கொழும்புக்குப் போனதும் நான் அண்ணனைத் தண்டிக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு பின்னேரமும் அவன் மாவு பிசைகிற நேரம் பார்த்து, டின்னையும் அந்தப் பெண் எழுதித் தந்த தாளையும் எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைப் பலகையில் உட்காருவேன். ஒரு கார்டை எடுத்து, தாளைப் பார்த்து, திக்கித் திக்கி முழுவதையும் வாசிப்பேன். அர்த்தம் சொல்வேன். "நீ இதுக்கு என்ன சொன்ன? இதுல என்ன இருக்கு பாத்தியா?" என்று கேட்பேன். ஒரு நாளைக்கு மூன்று கார்டு. மிஸ்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட சொற்களையும் சேர்த்துக்கொண்டேன். தை மாதம் வரை இது நடந்தது.

அண்ணன் எழும்பிப் போகவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. கையில் மாவோடு, தலையைச் சாய்த்துக் கார்டைப் பார்ப்பான். சில சமயம், "அந்தக் கடைசிச் சொல்ல திரும்ப வாசி" என்பான். அவன் என்னைச் சந்தேகப்படுகிறான் என்றுதான் நான் நினைத்தேன். கார்டை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்து, விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, இன்னும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். போதும் என்று அவன் ஒருநாளும் சொல்லவில்லை.